பொன் அப்பிளும் பொற்றாமரையும்: மகாகவி மைக்கேல் மதுசூதன தத்தரின் வாழ்வு

கிரேக்கர்களின் பழங்கதைகளில் ஒரு திருமணம் வருகிறது. பீலியஸ் என்ற வீரனுக்கும் தெத்திஸ் என்ற கடல் மங்கைக்கும் நடந்த அந்தத் திருமணத்துக்கு, கலகத்தின் தெய்வமான எரிஸை மட்டும் யாரும் அழைக்கவில்லை. அழையாமல் வந்த அவள், அழகிற் சிறந்தவளுக்கு உரியது என்று ஒரு பொன் அப்பிளைச் சபை நடுவே எறிந்தாள். ஹீரா, அத்தீனா, அப்ரோடைட்டி ஆகிய மூன்று தேவியரும் அது தமக்கே உரியது என்றனர். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, ஈடா மலையில் மந்தை மேய்த்துக்கொண்டிருந்த துரோய் இளவரசன் பாரிஸிடம் போயிற்று. ஹீரா அரசாட்சியையும், அத்தீனா போர் வெற்றியையும், அப்ரோடைட்டி உலகின் மிக அழகிய பெண்ணையும் தருவதாக ஆசை காட்டினார்கள். அவன் அப்ரோடைட்டியின் கையில் அப்பிளைக் கொடுத்தான். ஹெலன் அவனோடு துரோய்க்கு வந்தாள். பத்து ஆண்டுப் போருக்குப் பின் அந்த நகரம் எரிந்து சாம்பலாயிற்று.

இந்தக் கதையை 1860ஆம் ஆண்டில் ஒரு வங்காளக் கவிஞர் நமது புராண உலகுக்குள் கொண்டுவந்து நாடகமாக்கினார். பொன் அப்பிள் பொற்றாமரையாயிற்று. கலகம் மூட்டும் வேலை நாரதருக்குக் கிடைத்தது. அக்கவிஞர்தான் மைக்கேல் மதுசூதன தத்தர். வங்காள இலக்கியத்தின் புதுயுகம் இவரோடு தொடங்குகிறது என்பர்.

பல்லேபொலவில் படித்த நமது நூற்றாண்டு மலரில் ஒரு வங்காளக் கவிஞரின் வாழ்வு எதற்கு என்று சகோதரிகள் கேட்கக்கூடும். காரணங்கள் உண்டு. அவர் கிரேக்க மொழியை ஆழ்ந்து படித்த எட்டு ஆண்டுகள் தமிழர் நடுவே, சென்னையில் கழிந்தன. அவருடைய தலைசிறந்த காவியம் முழுவதும் நமது இலங்கையை அரங்காகக் கொண்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அழகு என்றால் என்ன, அதிலே பெண்ணின் இடம் எது என்ற கேள்வியை அவர் தம் எழுத்தில் வாழ்நாள் முழுதும் விடாமல் கேட்டார். தம் சொந்த வாழ்வில் அதற்கு அவர் அளித்த விடை வேறு. பெண்கள் பாடசாலையில் படித்து வெளிவந்த நாம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சாகர்தாரி முதல் கல்கத்தா வரை

மதுசூதனர் 1824 ஜனவரி 25ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் உள்ள யசோர் பகுதியில், கபோதாட்ச நதிக்கரையிலுள்ள சாகர்தாரிக் கிராமத்தில் பிறந்தார். தந்தை ராஜநாராயண தத்தர் கல்கத்தாவில் பெயர் பெற்ற சட்டத்தரணி. தாயார் ஜானவி தேவி. கிருத்திவாசரின் இராமாயணத்தையும் காசிராம்தாசரின் மகாபாரதத்தையும் மகன் முதலில் கேட்டது அன்னையின் வாயிலிருந்துதான். பிற்காலத்தில் அவர் எத்தனை மொழிகளைக் கற்றாலும், எழுத உட்கார்ந்தபோது வந்து நின்றவர்கள் தாய் சொன்ன கதைகளில் இருந்த மனிதர்களே.

கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் அவர் படித்த காலத்தில் அங்கே ஆங்கிலக் கவிதை மணந்தது. கப்டன் ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியர் ஷேக்ஸ்பியரையும் பைரனையும் மாணவர் நெஞ்சில் பதிய வைத்தார். பைரனைப் போலவே கவிஞனாக வேண்டும், அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை மதுசூதனரைப் பற்றிக்கொண்டது. அந்நாட்களில் அவர் எழுதியது ஆங்கிலத்தில் மட்டுமே. தாய்மொழியை அவர் மதிக்கவில்லை.

1842இல், 18 வயதில், பெண் கல்வி பற்றி நடந்த கட்டுரைப் போட்டியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தியாவில் பெண்களுக்கான பாடசாலைகளை விரல் விட்டு எண்ணக்கூடிய காலம் அது. இந்தத் தங்கப் பதக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

மறு ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி அவர் கிறிஸ்தவரானார். பெற்றோர் பேசி முடித்த திருமணத்திலிருந்து தப்புவதும், இங்கிலாந்து செல்லும் வழி திறக்கும் என்ற நம்பிக்கையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்துக் கல்லூரி கிறிஸ்தவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே 1844இல் பிஷப் கல்லூரிக்குப் போனார். கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் அவருக்குப் பாடமாக அமைந்தது அங்கேதான். ஹோமரை அவருடைய சொந்த மொழியிலேயே படிக்கும் வாயில் திறந்தது. ஆனால் தந்தை பணம் அனுப்புவதை நிறுத்தினார். 1847 முடியும் வேளையில், கையில் அதிகம் எதுவும் இல்லாமல், அவர் கப்பலேறித் தெற்கே வந்தார்.

சென்னையில் எட்டு ஆண்டுகள்

1848 ஜனவரியில் சென்னைக்கு வந்த மதுசூதனர், கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட பகுதியில், அநாதைச் சிறுவர் இல்லத்தோடு சேர்ந்த பாடசாலையில் உதவி ஆசிரியரானார். பின்பு பத்திரிகைகளில் எழுதினார், ஆசிரியராகவும் இருந்தார். சம்பளம் போதவில்லை. ஆனாலும் படிப்பு நிற்கவில்லை. அக்காலத்தில் நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதிய கடிதத்தில் தம் நாளாந்த நேர அட்டவணையை அவர் விவரித்திருக்கிறார். காலை 6 முதல் 8 வரை ஹீபுரு. 8 முதல் 12 வரை பாடசாலை. 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் சமஸ்கிருதமும். 5 முதல் 7 வரை இலத்தீன். அதற்குப் பின் இரவு 10 வரை ஆங்கிலம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் சுவரில் அட்டவணை ஒட்டி வைத்த நமக்கு இதைப் படிக்கையில் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

1849இல் அவருடைய ஆங்கிலக் கவிதை நூலான ‘த கப்டிவ் லேடி’ சென்னையில் வெளியாயிற்று. கல்கத்தாவில் அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. பெண் கல்விக்காகக் கல்கத்தாவில் பாடசாலை நிறுவிய பெத்தூன் துரையிடம் ஒரு பிரதி போயிற்று. ஆங்கிலத்தில் இத்தனை திறமையைச் செலவிடுவதைவிடத் தாய்மொழியை வளப்படுத்துவதே மேல் என்று அவர் அறிவுரை சொல்லி அனுப்பினார். மதுசூதனர் முதலில் வருந்தியிருப்பார். ஆனால் அந்த அறிவுரை வேலை செய்தது. அதன் பின் அவர் கற்ற மொழிகள் எல்லாம் வங்காளியை அழகு செய்யச் சேர்த்த சீதனமாக மாறின.

சென்னைக்கு வந்த ஆண்டிலேயே அவர் ரெபெக்கா மக்டாவிஷ் என்ற இளம்பெண்ணை மணந்தார். பெண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தில் வளர்ந்தவர் அவர். ஓர் இந்தியர் ஐரோப்பிய வழிவந்த பெண்ணை மணப்பது அன்று இரு பக்கத்தாராலும் எளிதில் ஏற்கப்படாத செயல். வறுமையிலும் ஏச்சுப்பேச்சிலும் ரெபெக்கா அவரோடு நின்றார். நான்கு குழந்தைகள் பிறந்தன. தாயும் தந்தையும் அடுத்தடுத்துக் காலமாகி, கல்கத்தாவில் சொத்து கைவிட்டுப் போகிறது என்ற செய்தி வரவே, 1856 தொடக்கத்தில் மதுசூதனர் தனியே கல்கத்தா திரும்பினார். மனைவி மக்களிடம் அவர் மீண்டும் வந்து வாழவே இல்லை. உடன் பணிபுரிந்த ஒருவரின் மகளான ஹென்றியெட்டா சில காலத்தின் பின் கல்கத்தா சென்று அவரோடு வாழ்வைத் தொடங்கினார்.

கீட்ஸும் மதுசூதனரும்

கிரேக்கக் கதைகளில் அழகைத் தேடியவர் மதுசூதனர் மட்டுமல்லர். ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீட்ஸின் நினைவு இங்கே வராமற் போகாது. வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கீட்ஸ் ஏறக்குறைய உறவினர். 1795இல் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே ஒரு சத்திர வைத்தியரிடம் தொழில் பழகி, இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் பயின்று, 1816இல் மருந்து கொடுக்கும் உரிமம் பெற்றார். பின்பு அதை விட்டுக் கவிதையைப் பற்றிக்கொண்டார். அவருக்குக் கிரேக்க மொழி தெரியாது. லெம்பிரியேர் தொகுத்த புராண அகராதியும், சப்மன் மொழிபெயர்த்த ஹோமரும், 1817இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் கண்ட கிரேக்கச் சிற்பங்களும் அவருக்குப் போதுமாயிருந்தன. 1818இல் காசநோயால் இறந்துகொண்டிருந்த தம்பி டொமுக்குப் பணிவிடை செய்தபடியே அவர் ‘ஹைபீரியன்’ என்ற காவியத்தைத் தொடங்கினார். பழைய தெய்வங்கள் தோற்றுப் புதிய தெய்வங்கள் எழும் கதை அது. தோற்றவர்களில் ஒருவரான கடல் தெய்வம், தங்களைவிட அழகானவர்கள் வந்துவிட்டார்கள், அழகில் மூத்தோரே வலிமையிலும் மூத்தோர், அதை ஏற்பதே அறிவு என்று மற்றவர்களுக்குச் சொல்கிறது. அதே காசநோய் 1821இல் உரோமாபுரியில் கீட்ஸையும் கொண்டு போயிற்று, வயது 25.

கீட்ஸுக்கு அழகு என்பது துயரத்தை மறைக்கும் திரை அன்று. நோயாளியின் கட்டிலருகே இருந்து பார்த்தவருக்கு உடல் எப்படி உருகும் என்று தெரியும். அழியும் உடலைக் கண்டதனால்தான் அழியாத கிரேக்கச் சாடியும் அதில் செதுக்கிய உருவங்களும் அவரை அப்படி ஆட்கொண்டன என்று நமக்குத் தோன்றுகிறது.

மதுசூதனர் கீட்ஸைப் படித்தவர். 1860இல் வெளிவந்த அவரது ‘திலோத்தமா சம்பவ காவியம்’ ‘ஹைபீரியன்’ போலவே தோல்வியில் தொடங்குகிறது. சுந்தன், உபசுந்தன் என்ற அசுர சகோதரர்களிடம் வானுலகை இழந்த இந்திரன், பனி மூடிய மலையுச்சியில் தனியே இருக்கிறான். அந்தச் சகோதரர்களை வெல்ல எந்தப் படைக்கலத்தாலும் முடியாது. உலகிலுள்ள அழகிய பொருள் ஒவ்வொன்றிலிருந்தும் எள்ளளவு எள்ளளவாக எடுத்து விசுவகர்மா திலோத்தமையை ஆக்குகிறான். அவளைக் கண்டதும் ஒற்றுமையாய் இருந்த அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் வெட்டி மாள்கின்றனர். கதை மகாபாரதத்தில் உள்ளது. அதன் சோகச் சாயலும் சிலை செதுக்கியது போன்ற தோற்றமும் கிரேக்கத்திலிருந்து கீட்ஸ் வழியாக வந்தவை. எதுகை இல்லாத, அடிக்கு அடி முடியாமல் ஓடும் புதிய யாப்பை வங்காளிக்கு முழுமையாகத் தந்ததும் இந்த நூல்தான்.

பொற்றாமரை

அதே 1860இல் வந்தது, நாம் தொடக்கத்தில் சொன்ன ‘பத்மாவதி’ நாடகம். விந்திய மலைச் சாரலில் இந்திராணி சசி, குபேரன் துணைவி முரஜா, மன்மதன் துணைவி இரதி ஆகிய மூவருக்கும் நடுவே பொற்றாமரை வருகிறது. வேட்டைக்கு வந்த இந்திரநீலன் என்ற அரசன் அதை இரதியிடம் கொடுக்கிறான். அவள் அருளால் இளவரசி பத்மாவதி அவனுக்குக் கிடைக்கிறாள். சசியின் கோபத்தால் அவளைப் பிரிகிறான். இறுதியில் தேவியின் கருணையால் கணவனும் மனைவியும் மறுபடி சேர்கின்றனர். கிரேக்கக் கதையில் ஒரு நகரமே எரிகிறது. மதுசூதனர் அதை எரிய விடவில்லை. பிரிவும் சோதனையும் கடந்து சேர்வதே நமது நாடக மரபு. அந்த மரபுக்குள் அப்பிளை நட்டபோது அது வேறு கனி தந்தது.

கடன் வாங்கியவர் என்று அவரைச் சிலர் ஏசினர். அவர் தமது நிலையை நண்பர் ராஜநாராயண பாசுவுக்குக் கடிதத்தில் விளக்கினார். கிரேக்கக் கதைகளை எடுத்து ஒட்டுவது தம் நோக்கம் அன்று. ஒரு கிரேக்கன் நமது கதையை எழுதினால் எப்படி எழுதுவானோ அப்படி எழுத முயல்கிறேன் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இது நமக்குப் புரியாத விடயம் அல்ல. நமது மாத்தளை மாவட்டத்தில், நாலந்தாவிலுள்ள கெடிகேயைப் பாடசாலைச் சுற்றுலாவில் பார்க்காதவர் நம்மில் குறைவு. முழுவதும் கல்லால் ஆன அக்கட்டடம் தென்னிந்தியக் கோயிலின் வடிவில் நிற்கிறது. ஆனால் அது பௌத்த வழிபாட்டிடம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது மூழ்கிவிடாதபடி கல் கல்லாகக் கழற்றி உயரமான இடத்தில் மறுபடி அடுக்கினார்கள். வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு யாரும் அதை வெள்ளத்தில் விடவில்லை. அந்த வடிவத்தில் இந்த மண் என்ன வைத்து வணங்கியது என்பதே பொருளாயிற்று. மதுசூதனரின் நூல்களையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம்.

இலங்கையின் பெண்கள்

1861இல் வெளிவந்த ‘மேகநாதவத காவியம்’ ஒன்பது சருக்கங்கள் கொண்டது. மேகநாதன் என்பது இந்திரஜித்தின் மறுபெயர். நாம் கம்பனில் படித்த இந்திரஜித்து, வேள்வி கலைந்தபின் போர்க்களத்தில் போரிட்டு மாள்கிறான். மதுசூதனர் அதை மாற்றினார். நிகும்பிலை வேள்விச் சாலையில் ஆயுதம் இன்றித் தனியே பூசையில் இருப்பவனை, விபீடணன் வழிகாட்ட மாயையால் மறைந்து நுழைந்த இலக்குவன் கொல்கிறான். கையில் கிடைத்த பூசைப் பாத்திரங்களை எறிந்தே அவன் போராடுகிறான். துரோயின் காவலனான ஹெக்டரின் சாயல் அவனில் உண்டு. தன் குற்றம் இல்லாத போரில், தன் நகரத்துக்காக, தந்தைக்காக நின்று மடிபவன் அவன். சிவனைத் தன் அழகால் மயக்கப் பார்வதி போகும் காட்சி, ஹோமரில் ஹீரா சீயஸை மயக்கும் காட்சியிலிருந்து பிறந்தது. இறுதிச் சருக்கத்தில் மகனின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழு நாள் போர் நிறுத்தம் கேட்கிறான். இலியட்டின் முடிவில் ஹெக்டரின் தந்தை பிரியாம் கேட்டது போல.

ஆனால் நமது கண்ணில் நிற்பவர்கள் இக்காவியத்தின் பெண்கள். முதற் சருக்கத்திலேயே, போரில் மகன் வீரபாகுவை இழந்த சித்திராங்கதை அவைக்கு வந்து, இந்த அழிவுக்கு யார் காரணம் என்று இராவணனையே கேட்கிறாள். மேகநாதனின் மனைவி பிரமிளை, நகருக்கு வெளியே இருந்து கணவனிடம் போக விரும்பியபோது வழியில் இராமனின் சேனை நிற்கிறது. அவள் பெண் படையைத் திரட்டிக் குதிரையேறி வருகிறாள். போர் அல்லது வழி என்று கேட்கிறாள். இராமன் வழி விடுகிறான். கிரேக்கர் சொன்ன அமேசான் வீராங்கனைகளின் சாயல் அவளில் இருக்கிறது. அசோகவனத்தில் சீதை விபீடணன் மனைவி சரமையிடம் தன் கதையைச் சொல்லும் சருக்கமோ அமைதியானது. சீதா எலியவில் கோயிலைத் தாண்டி ஓடும் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சருக்கம் இன்னும் நெருக்கமாகும்.

‘பத்மாவதி’யில் அழகு என்பது ஓர் ஆண் தீர்ப்புச் சொல்லும் பொருள். ‘திலோத்தமா’வில் அது தேவர்கள் செய்து அனுப்பும் ஆயுதம், திலோத்தமைக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை. பிரமிளையிடம் வரும்போது அழகு அவளுடைய சொந்த நடையிலும் துணிவிலும் இருக்கிறது. மூன்று நூல்களும் ஏறக்குறைய இரண்டே ஆண்டுக்குள் வந்தவை. ஆயினும் அதே பிரமிளை கடைசியில் கணவனின் சிதையில் ஏறுகிறாள். சதி சட்டத்தால் தடை செய்யப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிந்த காலம் அது. அந்தக் காட்சியின் முன்னால் நாம் தயங்கி நிற்கிறோம். கவிதை மிக உயர்ந்த இடம்தான். ஆனால் ஒரு பெண்ணின் உடல் எரிவதை அழகென்று கொள்ள நமது தொழிலும் விடவில்லை, நாம் படித்த படிப்பும் விடவில்லை.

பதினொரு கடிதங்கள்

1862இல் வந்த ‘வீராங்கனா காவியம்’ இன்னும் ஒரு படி மேலே போனது. உரோமக் கவிஞர் ஓவிட், கிரேக்கப் புராணப் பெண்கள் தம்மைப் பிரிந்த ஆண்களுக்கு எழுதுவதாகக் கடிதக் கவிதைகள் இயற்றியிருந்தார். அந்த வடிவத்தை எடுத்த மதுசூதனர், நமது புராணப் பெண்கள் பதினொருவரை எழுத வைத்தார். சகுந்தலை துஷ்யந்தனுக்கும், கைகேயி தசரதனுக்கும், திரௌபதி அருச்சுனனுக்கும் எழுதுகிறார்கள். தந்த வாக்கை மறந்தாயே என்று கைகேயி கணவனை நேரே குற்றஞ்சாட்டுகிறாள். மகனைப் போரில் இழந்த சனா, மகனைக் கொன்றவனையே விருந்தாளியாக உபசரிக்கும் கணவனைச் சாடுகிறாள். பெண்கள் மறுமணத்துக்காகப் போராடிய ஈஸ்வரசந்திர வித்தியாசாகருக்கு இந்நூல் காணிக்கையாக்கப்பட்டது பொருத்தமே.

இவர்களில் ஒருத்தி நமது இலங்கைப் பெண் சூர்ப்பனகை. கம்பனில் அவள் மந்திரத்தால் அழகிய வடிவெடுத்து வருகிறாள், மெய்வடிவம் கொடியது. மதுசூதனர் வால்மீகி காட்டிய கோர உருவை மறந்துவிடும்படி வாசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். வேடம் எதுவும் இல்லாமல், இயல்பிலேயே அழகான ஓர் இளம் விதவை, காட்டில் கண்ட இளைஞனுக்குத் தன் மனதைத் திறந்து எழுதுகிறாள். அவளுக்கு அடுத்து என்ன நேரப்போகிறது என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காதையும் மூக்கையும் இழந்தவளைப் பார்த்துச் சிரிக்கவே பழக்கப்பட்டிருந்த நமக்கு இக்கடிதம் ஓர் அதிர்ச்சி. அழகு என்பது பார்ப்பவனின் தீர்ப்பு என்ற நிலை மாறி, பேசுகிறவளின் குரல் என்ற நிலைக்குக் கவிஞர் வந்துவிட்டார்.

இந்த இடத்தில் தங்கப் பதக்கத்துக்குத் திரும்புவோம். பெண்கள் கற்க வேண்டும் என்று 18 வயதில் எழுதிப் பரிசு பெற்றவர், கைவிடப்பட்ட பெண்களின் வாயில் இப்படிப்பட்ட சொற்களை வைத்தவர், சென்னையில் ஒரு மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டு வந்தவர். மூன்றும் ஒரே மனிதர். பதினொரு கடிதங்களில் ரெபெக்காவின் கடிதம் இல்லை. சகுந்தலையின் கடிதத்தை எழுதியபோது அவர் நினைவு வந்திருக்குமா என்ற கேள்வியை எழுப்பாமல் நம்மால் அந்நூலை மூட முடியவில்லை. கவிதை பெரியது என்பதற்காக அந்தக் கடனை நாம் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை. கடன் இருக்கிறது என்பதற்காகக் கவிதையை எரிக்கவும் வேண்டியதில்லை.

வெர்செய்ல்ஸும் திரும்பி வருதலும்

புகழின் உச்சியில் இருந்த அவர் 1862 ஜூனில் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்று கிரேஸ் இன்னில் சேர்ந்தார். ஊரில் சொத்தைப் பொறுப்பேற்றவர்கள் சொன்னபடி பணம் தரவில்லை. ஹென்றியெட்டா பிள்ளைகளோடு அவரிடம் போய்ச் சேர்ந்தார். குறைந்த செலவில் வாழலாம் என்று குடும்பம் பிரான்சின் வெர்செய்ல்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கடன்காரர் வாசலில் நின்றனர். சிறை செல்லும் நிலை வந்தது. 1864இல் அவர் வித்தியாசாகருக்கு எழுத, கடன் வாங்கியாவது பணம் அனுப்பிக் காப்பாற்றினார் அந்தப் பெருந்தகை.

அந்த வறுமையில்தான் அவர் இத்தாலிய யாப்பில் வங்காளிப் பதினான்கடிப் பாக்களை எழுதினார். நூல் 1866இல் வந்தது. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று பிறந்த ஊரின் கபோதாட்ச நதியைப் பற்றியது. உலக நதிகள் பலவற்றைக் கண்டவருக்குத் தாகம் தீர்க்க அந்தச் சிறிய ஊர் நதிதான் வேண்டியிருந்தது. டொரொன்டோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1866 நவம்பரில் பரிஸ்டரான அவர் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தா திரும்பினார். உயர் நீதிமன்றத்தில் நல்ல வருமானம் வந்தது. அதைவிட வேகமாகச் செலவு போனது. குடி கூடியது. இடையில் 1871இல் இலியட்டை உரைநடையில் சொல்லும் ‘ஹெக்டர் வதம்’ முற்றுப்பெறாமலே வெளியாயிற்று. நோயும் கடனும் அவரை வளைத்துக்கொண்டன.

1873இல் ஈரல் நோயும் உடல் வீக்கமுமாக அவர் கல்கத்தா அலிப்பூரிலிருந்த பொது வைத்தியசாலையில் கிடந்தார். ஈரல் கெட்டு வயிறு ஊதி வரும் ஆண்களை நமது நோயாளர் விடுதிகளில் இன்றும் கிழமை தோறும் பார்க்கிறோம். கட்டிலில் கிடப்பவர் ஒருவர். அவரோடு சேர்ந்து தேய்ந்து போனவர் பெரும்பாலும் அருகில் நிற்கும் மனைவி. மதுசூதனரின் கதையிலும் அப்படியே நடந்தது. ஜூன் 26ஆம் திகதி வீட்டில் நோயுற்றிருந்த ஹென்றியெட்டா முதலில் இறந்தார். செய்தி வைத்தியசாலைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 29ஆம் திகதி, 49 வயதில் மதுசூதனர் கண்மூடினார். அவரை அடக்கம் செய்யத் திருச்சபையார் முதலில் தயங்கினர். பின்னர் ஒரு குருவானவர் துணிந்து முன்வந்து லோவர் சேர்குலர் வீதி மயானத்தில் அடக்கம் செய்தார். சென்னையில் ரெபெக்கா இவர்களுக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

மேகநாதவதம் வந்த அதே 1861இல் பிறந்த இரவீந்திரநாத தாகூர், 16 வயதில் அக்காவியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். வயது முதிர்ந்தபின் அது இளமையின் துடுக்கு என்று கண்டு, காவியத்தின் பெருமையை ஏற்றுக்கொண்டார். பெரிய நூல்களை நாமும் இரண்டு முறையாவது படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

பாடசாலையில் இலக்கியத்தை ஒரு பாடமாகப் படித்து, பின்பு தொழில், குடும்பம், புலம்பெயர்வு என்று வேறு வேறு திசைகளுக்குப் போனவர்கள் நாம். நூற்றாண்டை ஒட்டி நமது பாடசாலை நூலகத்துக்கு நூல்கள் அன்பளிப்புச் செய்யும் சகோதரிகள், ஹோமரின் கதைகளோடு கம்பனையும், அவர்களுக்கு நடுவே இந்த வங்காளக் கவிஞரின் மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்து வைப்பார்களாக. இன்று அங்கே படிக்கும் தங்கைமார் பிரமிளையையும் சூர்ப்பனகையையும் சந்திக்கட்டும். அப்படியே, பன்னிரண்டாவது கடிதம் ஒன்றை எழுதிப் பார்க்கும்படி அவர்களின் தமிழ் ஆசிரியை கேட்கட்டும்: சென்னையிலிருந்து, நான்கு பிள்ளைகளோடு இருந்த ரெபெக்கா கல்கத்தாவுக்கு எழுதும் கடிதம். மதுசூதனர் எழுதாமல் விட்டதை எழுத நமது பிள்ளைகளால் முடியும்.